நெல்லைச் சீமையில் இளம் கலைஞர்களின் படைப்புகளை வாங்கிச் சேர்ப்பது எப்படி?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் வசித்துக்கொண்டு, ஓர் இளம் ஓவியரிடமிருந்தோ சிற்பியிடமிருந்தோ முதன்முதலாக ஒரு படைப்பை வாங்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எங்கே தேடுவது, எப்படிப் பார்ப்பது, விலையை எப்படிப் பேசுவது, என்னென்ன எழுதி வாங்குவது, வாங்கியதை நம்முடைய வெயிலிலும் சாரலிலும் எப்படிக் காப்பாற்றுவது என்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன். லாபம் பார்ப்பதற்காக வாங்குவோருக்கு இதில் ஒன்றும் இல்லை. இன்று இருபத்தைந்து வயதில் இருக்கும் ஓவியரின் படம் பத்து ஆண்டுகள் கழித்து என்ன விலைக்குப் போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஏன் நம்முடைய வீடுகள் வாங்க வேண்டும்?

ஓவியத்திற்கென்றே ஒரு சபை இருக்கும் மண் இது. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையில் ஆடவல்லான் செப்புத் திருமேனியாக அல்லாமல் சுவரில் தீட்டிய சித்திரமாகவே வணங்கப்படுகிறான். தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்திற்குள் ஏறினால், ஐந்து நிலைகளிலும் உட்சுவர் முழுக்க விசயநகர, நாயக்கர் காலத்து ஓவியங்களைக் காணலாம்; குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட அவற்றில் உண்டு. அவை இன்றைக்கும் இருப்பதற்குக் காரணம், அக்காலத்தில் யாரோ பொருள் கொடுத்து வரையச் சொன்னார்கள் என்பதும், பின்னர் வந்தவர்கள் அந்தச் சுவரை இடிக்காமல் விட்டார்கள் என்பதும்தான். வரைந்த கைகள் யாருடையவை என்று நமக்குத் தெரியாது.

அடுத்ததாக அச்சு வந்தது. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிவதற்கு முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976), சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலைகள் தீட்டியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாகத் தமிழகம் முழுவதும் சுவர்களில் தொங்கின. ஆண்டு முடிந்ததும் பெரும்பாலானவை பழைய காகிதத்தோடு போய்விட்டன. எந்த வீட்டில் ஒருவர் அந்தப் படத்தை வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டினாரோ, அந்த வீட்டில் அது பிழைத்தது. இன்று பழைய காலண்டர் படங்களைத் தேடி ஆராய்பவர்களுக்குக் கிடைப்பவற்றில் பல, இப்படிக் குடும்பங்கள் காத்து வைத்தவையே.

இந்த இரண்டு ஆதரவும் இப்போது வரைய வரும் பிள்ளைகளுக்கு இல்லை. கோயில் அவர்களிடம் சுவரைக் கொடுப்பதில்லை. அச்சகத்துக்குக் கணினிப் படம் போதும். அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கின்றன என்பதால், நம்முடைய ஊர்ப் பிள்ளைகள் அங்கே போய் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு வருகிறார்கள். வந்த பிறகு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராகவோ, பிளக்ஸ் வடிவமைப்பாளராகவோ, கல்யாண மண்டப அலங்காரத்திலோ, சினிமாவின் கலைத் துறையிலோ பிழைப்பைத் தேடிக்கொள்கிறார்கள். அந்த வேலைகளில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தேரிக்காட்டின் செம்மணலையும், உப்பளத்து வெளிச்சத்தையும், சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவின் இரவையும், பீடி சுற்றும் பெண்களின் விரல்களையும் தன் கண்ணால் பார்த்து வரைய வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊருக்குத் திரும்பும் ஒருவர், முதல் ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு படம்கூட விலைக்குப் போகாமல் தூரிகையைக் கீழே வைத்துவிட்டால், இந்தக் காலத்து நெல்லைச் சீமை எப்படி இருந்தது என்பதற்கான ஒரு சாட்சி எழுதப்படாமலே போய்விடுகிறது. அப்போது ஒரு குடும்பம் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் ஒரு படம், அவருக்கு வண்ணமும் கித்தானும் (கேன்வாஸ்) மட்டும் ஆகாது, தொடர்ந்து வரைவதற்கான காரணமும் ஆகும்.

சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கூடிய இளம் கலைஞர்கள் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்ற பணத்தைக் கொண்டே நிலம் வாங்கினார்கள். சிறிய பொருள்களை வாங்கிய சாதாரண மக்கள் ஒரு பெரிய கலை இயக்கத்திற்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

வாங்குவதற்கு முன் குறைந்தது ஆறு மாதமாவது பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். இதற்குச் சென்னைக்குப் போக வேண்டிய அவசியமில்லை. சித்திர சபையும் திருப்புடைமருதூரும் அருகிலேயே இருக்கின்றன. கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலின் சிற்பத் தூண்கள் பாளையங்கோட்டையிலிருந்து சிறிது தூரம்தான். திருப்புடைமருதூர்க் கோபுரத்திற்குள் ஏறுவதற்குக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். சுவரைத் தொடாதீர்கள், பிளாஷ் வெளிச்சத்தில் படம் எடுக்காதீர்கள். அரசு அருங்காட்சியகத்துக்குப் போகும்போது ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் படத்தின் முன் அதிக நேரம் நின்றீர்கள், எதனால் நின்றீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். சில மாதங்களில் உங்களுக்கு எது பிடிக்கும் என்பது உங்களுக்கே எழுத்தில் தெரிந்துவிடும்; கோட்டின் வேகம் பிடிக்கிறதா, வண்ணத்தின் அமைதி பிடிக்கிறதா, மனித முகங்களா, வெற்று நிலமா என்று ஒரு திசை புலப்படும். இந்தத் திசை தெரியாமல் வாங்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமான படத்தை வாங்கிவிடுகிறார்கள்.

கைபேசித் திரையில் பார்ப்பதை நோட்டுப் புத்தகத்தில் சேர்க்காதீர்கள். திரையில் எல்லாப் படங்களும் ஒரே அளவு, எல்லாம் பளபளப்பு. கைக்கு அருகே வைத்துப் பார்க்க வேண்டிய சிறு கோட்டோவியத்துக்கும் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டிய பெரிய கித்தானுக்கும் உள்ள வேறுபாடு அங்கே அழிந்துவிடும்.

எங்கே தேடுவது?

நெல்லையில் நூற்றுக்கணக்கான ஓவியர்களை ஒரே இடத்தில் காட்டும் கூடம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆட்களைத் தேடிக்கொண்டுதான் போக வேண்டும். நல்ல தொடக்கம் உங்களுக்குத் தெரிந்த பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்கள். யார் கல்லூரியில் சேர்ந்தார்கள், யார் ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள், யார் இன்னும் விடாமல் வரைகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் தாங்களே நல்ல ஓவியர்கள், கேட்பதற்கு ஆள் இல்லாததால் காட்டாமல் வைத்திருப்பவர்கள். மாவட்டக் கலை மன்றங்கள் கலைஞர்களுக்கு வயதுவாரியாக விருது வழங்குகின்றன. அவற்றில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கானது கலை இளமணி, 19 முதல் 35 வரையிலானோருக்கானது கலை வளர்மணி. ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்காக இவ்விருதுகளைப் பெற்றவர்கள் உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். நெல்லைப் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் நூல்களின் அட்டைகளையும் உள்ளே உள்ள கோட்டோவியங்களையும் கவனித்து, வரைந்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு பதிப்பகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் வரைபவர்கள் பலர் நம்முடைய பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் மூலப் படங்கள் கட்டுக்கட்டாக இருக்கும்.

வெளியே போக முடிந்தால் கல்லூரி மாணவர்கள் ஆண்டு முடிவில் வைக்கும் காட்சிகளுக்குப் போங்கள். சென்னையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்திலும் சோழமண்டலத்திலும் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு காட்சி நடந்துகொண்டிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம், 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்னும் பெரிய கலைக் காட்சி இருக்கிறது. அதன் ஒரு பகுதியாக மாணவர்களின் படைப்புகளுக்கென்று தனிக் காட்சியும் நடத்துகிறார்கள். நெல்லையிலிருந்து சென்னையைவிடக் கொச்சி பக்கம் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

பழம்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. "பழைய கோயில் சிலை, யாருக்கும் தெரியாது" என்று யாராவது உங்களை அணுகினால் அங்கிருந்து விலகிவிடுங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பங்களும் ஓவியங்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றை விற்பதற்கு உரிமமும், வைத்திருப்பதற்கு உரிய இனங்களில் பதிவும் வேண்டும். இந்த வழிகாட்டி உயிரோடிருக்கும் கலைஞர்களைப் பற்றியது மட்டுமே.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது

இளம் கலைஞர்களில் பலருக்குத் தனி ஓவியக்கூடம் கிடையாது. மாடியறையிலோ தார்சாவிலோதான் வரைவார்கள். முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தோடு போகாதீர்கள், வாங்குவேன் என்று ஆசை காட்டியும் பேசாதீர்கள். "தம்பி, உங்க படங்களைப் பார்க்கணும்னு வந்திருக்கேன், இன்னைக்கு வாங்குவேன்னு சொல்லலை, ஆனா ஆசையா இருக்கு" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் கனம் குறையும். அவர் உங்களை அண்ணாச்சி என்றோ அக்கா என்றோ அழைத்து, மரியாதைக்காகவே ஒரு படத்தைச் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொல்வார். நம்முடைய ஊரின் குணம் அது. அன்போடு மறுத்துவிடுங்கள். இலவசமாக வாங்கிய படம் கலைஞரின் தொழிலுக்கு எந்த வகையிலும் உதவாது.

அங்கே ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வரைந்தவற்றையெல்லாம் காட்டச் சொல்லுங்கள். பயிற்சிக் குறிப்பேடுகளையும் கேளுங்கள். நீங்கள் தேட வேண்டியது கைத்திறமையை மட்டும் அல்ல. புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரையும் ஆற்றல் பலருக்கு உண்டு. அது பயிற்சியில் வருவது. ஒரே கேள்வியை ஒருவர் திரும்பத் திரும்பப் படங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். பனைமரத்தை வரைபவர் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் பனையேறி இறங்கியபின் அந்த மனிதரின் தோள்பட்டை எப்படி இருக்கும் என்பதை மூன்று ஆண்டுகளாக வரைந்துகொண்டிருப்பவர் வேறு ஆள். அவருடைய தொடக்கப் படம் குறையுள்ளதாக இருக்கலாம், பத்தாவது படத்தில் ஏதோ ஒன்று பிடிபட்டிருக்கும். அந்தப் பயணம் தெரிகிறவரிடம் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன், ஒரே ஒரு அழகான படம் வைத்திருப்பவரிடம் வாங்குவதைவிட.

பிறகு எதன்மேல், எதைக்கொண்டு வரைந்தார் என்று கேளுங்கள். நல்ல கனமான பருத்திக் காகிதத்தில் நீர்வண்ணம் நெடுங்காலம் நிற்கும். சாதாரண சார்ட் தாளில் வரைந்தது சில ஆண்டுகளில் பழுப்பேறும். ஸ்கெட்ச் பேனா, பால்பாயின்ட் மை, மலிவான போஸ்டர் வண்ணம் ஆகியவை வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை. இதனால் அந்தப் படத்தை வாங்கக் கூடாது என்று பொருளில்லை. வெளிச்சம் படாமல் கோப்பில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டிய படம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். எண்ணெய் வண்ணப் படம் அண்மையில் முடிந்ததாக இருந்தால், மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே முழுமையாகக் காய மாதக்கணக்கில் ஆகும். எப்போது முடித்தார் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அச்சோவியங்களே மிகச் சிறந்த தொடக்கம். மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கி, அல்லது செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, கலைஞர் தம் கையாலேயே குறிப்பிட்ட எண்ணிக்கையில் எடுக்கும் படிகள் இவை. கீழே பென்சிலில் 3/20 என்று எழுதியிருந்தால் இருபது படிகளில் மூன்றாவது என்று பொருள். கையெழுத்தும் ஆண்டும் அதே வரியில் இருக்க வேண்டும். ஓர் ஓவியத்தைப் படம் பிடித்துக் கணினி அச்சில் எடுத்த நகல் வேறு, இது வேறு. நகலை வாங்குவதில் தவறில்லை, அச்சோவியத்தின் விலையைக் கொடுத்து நகலை வாங்குவதுதான் தவறு.

விலை

தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அளவையும் பொருளையும் வைத்தே விலை சொல்வார்கள். காகிதத்தில் வரைந்ததைவிடக் கித்தானில் தீட்டியதற்கும், சிறியதைவிடப் பெரியதற்கும் விலை கூடும். விலையைக் கேட்டதும் பாதிக்குப் பேரம் பேசும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அவர் சொல்லும் விலை உங்களால் இயலாதது என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிச் சிறிய படைப்பு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது மூன்று நான்கு மாதத் தவணையில் தரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். தவணையைத் தேதி தவறாமல் கொடுத்துவிட வேண்டும்; அந்தத் தொகையை நம்பி அவர் வண்ணக் கடைக்குப் பணம் தருவதாகச் சொல்லி வைத்திருப்பார். வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோ செலுத்தினால் அதுவே ஒரு சான்றாகவும் இருக்கும். ஒரு காட்சிக்கூடத்தின் மூலம் ஒருவரை அறிந்திருந்தால், பின்வாசல் வழியாக அவரிடம் நேரே போய் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கூடத்தாரின் பங்கு விலையில் மூன்றில் ஒன்றோ பாதியோ இருப்பது வழக்கம்தான். அதைக் கலைஞரைக் கொண்டே முறிக்கச் செய்தால் அடுத்த முறை அவருக்குச் சுவர் கிடைக்காது.

எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. பால் காய்ச்சுக்கும் திருமணத்துக்கும் நாம் வாங்கிக் கொடுக்கும் சுவர்க் கடிகாரங்களையும் குத்துவிளக்குகளையும் கணக்கிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு வீட்டு விசேஷங்களுக்கு அவற்றுக்குப் பதிலாக ஓர் இளம் ஓவியரின் சிறு படத்தை அவரைப் பற்றிய குறிப்போடு கொடுத்தால், உங்கள் செலவும் கூடாது, அந்த ஓவியரின் பெயர் இரண்டு புதிய வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

எழுதி வாங்க வேண்டியவை

திருப்புடைமருதூர் ஓவியங்களில் இல்லாதது வரைந்தவர் யார் என்ற குறிப்பு ஒன்றுதான், ஆகவே இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். படத்தின் முன்புறமோ பின்புறமோ கலைஞரின் கையெழுத்தும் ஆண்டும் இருக்கட்டும். தனித் தாளில் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஊர், படைப்பின் தலைப்பு, அளவு, பயன்படுத்திய பொருள்கள், விலை, விற்ற நாள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு வாங்குங்கள். படத்தின் சிறு புகைப்படம் ஒன்றையும் அதில் ஒட்டி அதன் மேல் கையொப்பம் படுமாறு செய்தால் இன்னும் நல்லது. இவற்றோடு, அந்தப் படத்தைப் பற்றி அவரே தன் வார்த்தையில் ஐந்தாறு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தக் கொடை, யாருடைய முகம், எதனால் அந்த நீலம் என்பதெல்லாம் இன்று அவர் நினைவில் இருக்கும். நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தாள் இல்லாவிட்டால், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ வரைந்த ஏதோ ஒரு படம்.

பதிப்புரிமையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைஞர் தாமாக வரைந்து வைத்திருந்த படத்தை நீங்கள் வாங்கினால் உங்களுக்குச் சொந்தமாவது அந்தப் படம் என்னும் பொருள் மட்டுமே. அதை அச்சிட்டு விற்கும் உரிமை கலைஞரிடமே இருக்கிறது, அவருடைய வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை தொடர்கிறது. கடை விளம்பரத்திலோ திருமண அழைப்பிதழிலோ அந்தப் படத்தைப் போட வேண்டுமானால் எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். ஆனால் நீங்களே பணம் கொடுத்து, உங்கள் தாத்தாவின் உருவத்தை வரைந்து தரச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் அந்தப் படத்தின் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போகிறது. இந்த வேறுபாடு இரு தரப்பாருக்கும் தெரிந்திருப்பதில்லை; தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. படைப்பைச் சிதைக்காமல் வைத்திருக்க வேண்டிய கடமையும் உண்டு. புதுதில்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தப்பட்ட தம் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், அதன் எஞ்சிய பகுதியை அவரிடமே திருப்பித் தருவதோடு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க வேண்டும் என்று 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டுக்குக் கொண்டுவருவதும் காப்பதும்

பெரும்பாலான படங்கள் பழுதாவது கலைஞரின் கையில் அல்ல, நம்முடைய வீட்டில்தான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அக்ரிலிக் படத்தை நடுப்பகல் வெயிலில் காருக்குள் வைத்துக்கொண்டு வந்தால் வண்ணம் இளகி, சுற்றியிருக்கும் குமிழ் பிளாஸ்டிக் அதன் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பட்டர் பேப்பரைச் சுற்றிய பிறகே பிளாஸ்டிக்கைச் சுற்ற வேண்டும். காலையிலோ மாலையிலோ கொண்டுவர வேண்டும். கித்தானைச் சுருட்ட நேர்ந்தால் தீட்டிய பக்கம் வெளியே இருக்குமாறு, அகலமான குழாயின் மேல் தளர்வாகச் சுருட்டுங்கள். உள்பக்கமாக இறுக்கிச் சுருட்டினால் வண்ணத்தில் விரிசல் விழும்.

பிரேம் கடையில் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வியே "லேமினேஷன் போட்டுரலாமா?" என்பதாக இருக்கும். கூடவே கூடாது. லேமினேஷன் செய்த காகித ஓவியத்தை மறுபடி பிரித்தெடுக்க முடியாது, வெப்பமும் பசையும் வண்ணத்தைக் கெடுத்துவிடும். காகிதத்தில் உள்ள படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும்படி மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காகிதம் மழைக்காலத்து ஈரத்தில் அதோடு பிடித்துக்கொள்ளும். மவுண்ட் போர்டு அமிலமற்றதாக இருக்க வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னையிலிருந்தோ இணையக் கடைகளிலிருந்தோ நீங்களே வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னால் செய்தித்தாளை வைத்து அடைப்பது நம்முடைய கடைகளின் பழக்கம். அந்தத் தாளின் அமிலம் சில ஆண்டுகளில் படத்தின் முதுகைப் பழுப்பாக்கும். செல்லோ டேப், பெவிகால் எதுவும் படத்தில் படக்கூடாது. மெல்லிய கைவினைத் தாளில் இரண்டு சிறு துண்டுகளைக் கோதுமைப் பசையால் மேல் விளிம்பில் ஒட்டித் தொங்கவிட்டால் போதும், தேவைப்படும்போது ஈரம் காட்டி எடுத்துவிடலாம். கடைக்காரரிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, அருகிலேயே இருந்து செய்து வாங்குங்கள். ஒருமுறை கற்றுக்கொண்ட கடைக்காரர் அடுத்து வரும் வாடிக்கையாளருக்கும் அப்படியே செய்வார்.

மாட்டும் சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது மேற்கு வெயிலையே முதலில் பாருங்கள். பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் பிற்பகலில் மேற்குச் சுவர் தொட முடியாத அளவுக்குக் காயும். அந்தச் சுவரும் வேண்டாம், மேற்குச் சன்னலுக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தில் ஆனி, ஆடி மாதச் சாரலில் சுவரே ஈரம் கசியும். பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர்த் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். குளியலறைச் சுவர், அடுப்படி, பூசை அறை ஆகிய மூன்றும் ஆகாது. சாம்பிராணிப் புகையும் விளக்குப் புகையும் படத்தின் மேல் படியும் கரியைப் பின்னால் எடுக்கவே முடியாது. தெய்வ உருவம் வரைந்த படமாக இருந்தாலும் அதன்மேல் சந்தனம் குங்குமம் வைக்காதீர்கள். வேண்டுமென்றால் கண்ணாடிக்குக் கீழே தனியாக ஒரு சிறு பலகை அடித்துப் பூ வையுங்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாரம்தான் நம்முடைய வீடுகளில் படங்களுக்கு மிகவும் ஆபத்தான வாரம். முன்கூட்டியே கழற்றி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, கட்டிலின் மேல் நிறுத்தி வையுங்கள். கித்தானை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. மென்மையான காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். ஆண்டுக்கு இருமுறை பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கரையான் சுவரிலிருந்து பிரேமுக்குள் நுழைவது முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. வெண்கல, பித்தளைச் சிற்பங்களைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கருமையும் பச்சையும் சிற்பி வேண்டுமென்றே கொண்டுவந்த நிறமாக இருக்கும். சுடுமண் சிற்பத்தையும் கழுவக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி கரைமீறி வீடுகளுக்குள் வந்தது. ஆற்றுக்கோ குளத்துக்கோ அருகில் இருப்பவர்கள் மாட்டாத படங்களைத் தரையில் சாய்த்து வைக்காமல் இடுப்பளவு உயரத்துக்கு மேல் அலமாரியில் வைக்க வேண்டும். ஓட்டுக்கோ கான்கிரீட்டுக்கோ நேர்கீழே உள்ள பரணிலும் வைக்காதீர்கள். அங்கே கோடைச் சூடு மிகவும் அதிகம். தண்ணீர் பட்டுவிட்டால் வெயிலில் காயப் போடாமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் மெதுவாக உலர விடுங்கள்; வரைந்தவருக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஏடும் அடுத்த கையும்

மூன்றாவது படம் வாங்கும்போது ஓர் ஏடு தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பக்கம். எழுதி வாங்கிய தாளின் நகல், புகைப்படம், எங்கே மாட்டியிருக்கிறது, எப்போது எந்தக் காட்சிக்கு இரவல் போனது என்ற குறிப்பு. புகைப்படங்களை வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். கலைஞர் தனிக் காட்சி வைக்கும்போது உங்களிடமுள்ள படத்தை இரவலாகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் படத்தின் நிலையைப் புகைப்படம் எடுத்து இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டுங்கள், முடிந்தால் வரைந்தவரையும் உடன் வைத்துக்கொண்டு. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் பரிசு வாங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிரோடிருக்கும் ஓர் ஓவியரின் மூலப் படத்தை அருகில் நின்று பார்த்ததே இல்லை.

என்றாவது விற்க வேண்டி வந்தால் முதலில் கலைஞரிடம் சொல்லுங்கள். அவரே வாங்கிக்கொள்ள விரும்பலாம், வேறு நல்ல கையைக் காட்டலாம். மறுவிற்பனை விலை 10,000 ரூபாய்க்கு மேல் போனால், தம் மூல ஓவியத்தின் அல்லது சிற்பத்தின் விலையில் பங்கு கேட்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு கலைஞருக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் பங்கு 10 விழுக்காட்டுக்கு மேல் போகாது. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் சேகரிப்பு யாரிடம் போக வேண்டும் என்பதை ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது அந்த ஏடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.